சென்சஸ் தாளில் ‘7’ என்று எழுதியிருக்கிறது: பழைய அமெரிக்கக் கணக்கெடுப்புக் குறிகளைப் படிக்க உதவி வேண்டும்

#1 வேர்தேடி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள், மருமகன் அமெரிக்கர். பேத்திக்காக இரண்டு பக்கத்து வம்சத்தையும் ஒரே தாளில் எழுதி வைக்க ஆசைப்பட்டு ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறைப் பெயர்களை அக்கா வாயாலேயே வாங்கிவிட்டேன். மருமகன் பக்கம்தான் கஷ்டம். அவருடைய கொள்ளுத் தாத்தா அதே பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஸ்லோவாக்கியர். அதற்குமேல் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

1910, 1920, 1930, 1940 ஆகிய நான்கு சென்சஸிலும் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்து பிரிண்ட் எடுத்திருக்கிறேன். பெயர்களைப் படித்துவிட்டேன். மற்ற கட்டங்களில் இருக்கும் எழுத்துகளும் எண்களும்தான் புரியவில்லை.

1910 தாளில் தாத்தா பெயருக்கு நேரே ‘எம்1’, பக்கத்தில் 14. பாட்டிக்கும் அதேதான், கூடவே 7, 4 என்று இரண்டு எண்கள். தாத்தாவுக்கு இன்னொரு கட்டத்தில் ‘ஏ-எல்’. 1920-இல் அதே கட்டத்தில் ‘பி-ஏ’. 1930-இல் அவருக்கு ‘என்-ஏ’, ஆனால் பாட்டிக்கு ‘ஏ-எல்’. அந்த 1930 தாளில் ஒரே வரியில் இரண்டு இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து. 1940-இல் தாத்தா பெயரே இல்லை. பாட்டி பெயருக்குப் பின்னால் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. கல்யாணக் கட்டத்தில் ‘எம்’ என்று எழுதி, அதை அடித்து, மேலே ‘7’.

அந்த ஏழு, பிள்ளைகள் எண்ணிக்கையா? ஏழு வருடம் என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தென்காசிச் சாரல்

அம்மா, வட்டத்துக்குள் இருக்கும் பெருக்கல் குறி கைநாட்டுதான். எழுதத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்திலும் கீறல் குறி இருக்கிறது. மற்றவை எனக்குத் தெரியாது.

#3 பழைய ஏடு

சாரல், அது கைநாட்டு இல்லை. அமெரிக்க சென்சஸ் தாளில் வீட்டுக்காரர் யாரும் கையெழுத்தே போடுவதில்லை. கணக்கெடுப்பவர் கேட்டுக் கேட்டு அவரே எழுதுவார். 1940-இல் புதிதாக ஒரு விதி வந்தது: அந்த வீட்டில் யார் பதில் சொன்னாரோ, அவர் பெயருக்குப் பின்னால் வட்டமிட்ட பெருக்கல் குறி போட வேண்டும். வெளியாள் யாராவது சொல்லியிருந்தால் அவர் பெயரை இடது ஓரத்தில் எழுத வேண்டும். ஆக, வேர்தேடி அம்மா, 1940-இல் கதவைத் திறந்து பதில் சொன்னது உங்கள் பாட்டியேதான். அந்தத் தாளில் இருக்கும் வயது, படிப்பு, வேலை எல்லாம் அவர் வாய்ச்சொல். பக்கத்து வீட்டுக்காரர் ஊகித்துச் சொன்னது என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

எந்தக் குறியைப் பார்த்தாலும், இதை எழுதியது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் வீணடித்தேன். ஒரு தாளில் குறைந்தது இரண்டு கை இருக்கும். ஒன்று, தெருவில் நடந்து போய் எழுதியவர் கை. இன்னொன்று, வாஷிங்டன் அலுவலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, இயந்திரம் எண்ணும் துளை அட்டையில் ஏற்றுவதற்காகப் பதில்களை எண்ணாக மாற்றிய எழுத்தர் கை. முதல் ஆள் உங்கள் பாட்டியைப் பார்த்தவர். இரண்டாவது ஆளுக்குத் தாள் மட்டும்தான் தெரியும்.

‘எம்’ என்று எழுதியது முதல் ஆள்: திருமணமானவர். அதை அடித்து ‘7’ போட்டது இரண்டாவது ஆள். திருமணமானவர், ஆனால் கணவர் அல்லது மனைவி இந்த வீட்டுக் கணக்கில் இல்லை என்பதற்கு 1940-இல் வைத்திருந்த எண் அது. விதவை என்றால் ‘டபிள்யூ-டி’, மணமுறிவு என்றால் ‘டி’ என்று இருக்கும். இங்கே அது இல்லை. 1940 ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவரப்படி தாத்தா உயிரோடு, வேறு எங்கோ இருந்திருக்கிறார் என்றுதான் நான் படிப்பேன். பாட்டி அப்படிச் சொல்லியிருக்கிறார்.

#4 கணக்குப்பிள்ளை

பழைய ஏடு சொன்னதற்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கணவர் விட்டுப் போயிருந்தாலும் வெட்கப்பட்டு ‘திருமணமானவர்’ என்றே சொன்ன பெண்கள் உண்டு. பிரிந்திருந்து தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டவர்களும் நிறைய. எழுத்தர் அதையெல்லாம் ஆராய மாட்டார். வீட்டுப் பட்டியலில் கணவர் பெயர் இல்லை, ஆகவே 7. அவ்வளவுதான். தாத்தா இருந்தார் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவரை வேறொரு தாளில் கண்டுபிடிக்க வேண்டும்.

1930-இன் இரண்டு ‘ஆர்’ பற்றிச் சொல்கிறேன். ஏழாவது கட்டத்தில் இருந்தால் வாடகை வீடு. சொந்த வீடு என்றால் ‘ஓ’. ஒன்பதாவது கட்டத்தில் இருந்தால் அந்த வீட்டில் ரேடியோ இருந்தது என்று அர்த்தம். ஒரே எழுத்து, கட்டத்துக்குக் கட்டம் பொருள் மாறும். வாடகை வீடு, ஆனாலும் ரேடியோ வாங்கி வைத்திருக்கிறார்கள்.

1910-இன் ‘எம்1’ என்றால் முதல் திருமணம். ‘எம்2’ என்றால் மறுமணம், அல்லது மூன்றாவது, நான்காவது. பக்கத்து 14 திருமணமாகி எத்தனை வருடம் என்பது. ஆக 1896 வாக்கில் கல்யாணம்.

7, 4 என்ற இரண்டு எண்களும் பெண்களிடம் மட்டும் 1900-லும் 1910-லும் கேட்ட கேள்விக்கான பதில். பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை.

#5 வேர்தேடி

ஏழு பெற்று நான்கு.

1910-க்கு முன் பிறந்தவர்கள் என்று எங்களிடம் இருப்பது நான்கு பெயர்தான். மருமகனிடம் கேட்டேன். வேறு குழந்தைகள் இருந்ததாக யாரும் சொன்னதே இல்லை என்கிறார். அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. மூன்று குழந்தைகள் இருந்தார்கள் என்பதற்கு இரண்டு இலக்கம் மட்டும் மிச்சம். கொஞ்ச நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இருவருக்கும் நன்றி. ‘ஏ-எல்’, ‘பி-ஏ’ பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

#6 ஃப்ரெஸ்னோவாசி

அம்மா, அவை மூன்றும் குடியுரிமைக் குறிகள். ‘ஏ-எல்’ என்றால் அந்நியர். ‘பி-ஏ’ என்றால் ‘முதல் காகிதம்’ போட்டவர், அதாவது குடிமகனாக விரும்புகிறேன் என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தவர். ‘என்-ஏ’ என்றால் குடியுரிமை வாங்கிவிட்டவர். ‘என்-ஆர்’ என்று சில தாள்களில் இருக்கும், அது பதில் கிடைக்கவில்லை என்பது.

உங்கள் 1930 தாளில் அவருக்கு ‘என்-ஏ’, மனைவிக்கு ‘ஏ-எல்’ என்று இருப்பது பிழை இல்லை. அது ஒரு தேதியையே உங்கள் கையில் கொடுக்கிறது. 1922 செப்டம்பர் 22 வரை கணவர் குடியுரிமை வாங்கினால் மனைவிக்கும் தானாக வந்துவிடும். அன்று வந்த கேபிள் சட்டத்துக்குப் பிறகு மனைவி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 1920-இல் அவர் ‘பி-ஏ’. 1930-இல் அவர் மட்டும் குடிமகன், அவர் மனைவி இல்லை. அப்படியானால் அவர் இறுதிக் காகிதம் வாங்கியது 1922 செப்டம்பருக்குப் பின், 1930 ஏப்ரலுக்கு முன். தேட வேண்டிய காலம் ஏழரை வருடமாகச் சுருங்கிவிட்டது பாருங்கள். 1906-க்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊர், வந்த கப்பல், மனைவி பிள்ளைகள் விவரம் எல்லாம் இருக்கும். மாவட்ட நீதிமன்றப் பதிவுகளையும் கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுகளையும் இரண்டையும் பாருங்கள்.

1940 தாளில் பாட்டிக்கு என்ன குறி என்று நீங்கள் சொல்லவில்லை. அதையும் பாருங்கள், அவசியம்.

#7 தென்காசிச் சாரல்

கைநாட்டு விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இந்த இழையைப் படித்ததும் எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. என் நண்பர் ஒருவரின் மனைவி ஒக்லஹோமாக்காரர். அவருடைய பூட்டனுக்கு 1910 தாளில் இனம் என்ற கட்டத்தில் ‘ஐ-என்’ என்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்தவராக இருக்குமோ என்று வீட்டில் பெரிய பேச்சு. என்னையும் கேட்டார்கள். உண்மையாக இருக்குமா?

#8 ஃப்ரெஸ்னோவாசி

சாரல், நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ‘ஐ-என்’ என்றால் அமெரிக்கப் பழங்குடியினர். நம் நாட்டுக்காரர் இல்லை. ஒக்லஹோமா என்கிறீர்கள், அதனால் சந்தேகமே வேண்டாம். 1910-இல் பழங்குடியினர் கணக்குக்கென்று தனித் தாளே இருந்தது. குலத்தின் பெயரும் அதில் இருக்கும். 1930-இல் பெற்றோர் பிறந்த இடத்துக்கான கட்டங்களில், பிறந்த இடத்துக்குப் பதிலாகக் குலத்தையும், முழு ரத்தமா கலப்பா என்பதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் தேட வேண்டிய ஊர் அமெரிக்காவிலேயே இருக்கிறது.

நம் நாட்டுக்காரர்களுக்கு வைத்த குறி வேறு. 1910-இல் ‘ஓ-டி’, அதாவது ‘மற்றவர்’. 1930, 1940-இல் ‘எச்-ஐ-என்’, ‘ஹிந்து’ என்பதன் சுருக்கம். அதற்கும் மதத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நான் இருக்கும் கலிஃபோர்னியாப் பள்ளத்தாக்கில் அந்தக் குறி போடப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பஞ்சாபி சீக்கியர்கள், அப்புறம் முஸ்லிம்கள். குருத்வாராவில் தொழுதவருக்கும் மசூதியில் தொழுதவருக்கும் தாளில் ஒரே பெயர்.

எனக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்காக இம்பீரியல் பள்ளத்தாக்குத் தாள்களைப் படித்திருக்கிறேன். அங்கே பஞ்சாபி ஆண்கள் பலர் மெக்சிகன் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1930-இல் ‘மெக்சிகன்’ என்பதையும் தனி இனமாக எழுதச் சொன்னார்கள், அந்த ஒரே ஒரு சென்சஸில் மட்டும். அப்பாவுக்கு ‘எச்-ஐ-என்’, அம்மாவுக்கு ‘எம்-இ-எக்ஸ்’. வெள்ளையரல்லாத இரண்டு இனம் கலந்தால் பொதுவாகப் பிள்ளைக்கு அப்பாவின் இனத்தை எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் எழுத வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போன இடங்கள் உண்டு. ஒரே குடும்பம் பத்து வருடம் கழித்து வேறு குறியோடு நிற்கும். குடும்பம் மாறவில்லை, எழுதிய கை மாறியிருக்கிறது.

குடியுரிமைக் குறியிலும் இது நடந்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் சட்டப்படி ‘வெள்ளையர்’ ஆக மாட்டார்கள், குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்தும் அரசு பறிக்க ஆரம்பித்தது. அதனால் 1920-இல் ‘என்-ஏ’ என்று இருந்தவர் 1930-இல் ‘ஏ-எல்’ ஆக முடியும். தெரியாதவர்கள் அது வேறு ஆள் என்று தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அமெரிக்காவிலேயே பிறந்த பெண்ணும் தன் குடியுரிமையை இழக்க நேர்ந்தது. கேபிள் சட்டத்திலிருந்த அந்த விதியை 1931-இல்தான் எடுத்தார்கள். இந்தியர்களுக்கு மறுபடி வழி திறந்தது 1946-இல். இதெல்லாம் ஒரு கட்டத்திலுள்ள இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

#9 நெய்தல்

அருமையான இழை. ஒரு சந்தேகம். நம் ஊரில் இப்படி வீடு வீடாகப் பழைய சென்சஸ் தாள் கிடைக்காதா? மதராஸ் மாகாணத்தில் 1871-லேயே எடுத்தார்களே?

#10 கணக்குப்பிள்ளை

கிடைக்காது, நெய்தல். எடுத்தார்கள், ஆனால் ஆள்வாரியான தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. 1901-இலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிறு துண்டுச் சீட்டு எழுதி, அவற்றைக் குவியல் குவியலாகப் பிரித்து எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் வேலை முடிந்தது. நமக்குக் கிடைப்பது ஊர்வாரி, சாதிவாரி, மாவட்டவாரி மொத்தங்கள்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டப்படி ஆள்வாரி விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது. அமெரிக்காவில் 72 வருடம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1950 தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன.

நம் பக்கம் நிலப் பதிவுகள், தேவாலயப் பதிவேடுகள், கோயில் கணக்குகள் என்று போக வேண்டும். தாத்தா தென்னாப்பிரிக்கா போயிருந்தால் அது வேறு கதை. 1860-இல் மதராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், சாதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதி வைத்தார்கள். அதை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

#11 வேர்தேடி

பார்த்துவிட்டேன். 1940-இல் பாட்டிக்கு ‘ஏ-எல்’தான். இன்னொன்றும் கவனித்தேன். 18 வயது மகனுக்கு 22-ஆம் கட்டத்தில் ‘ஆம்’ என்று இருக்கிறது. கடைசியில் ‘எஃப்’ என்ற கட்டத்தில் எண்களுக்கு நடுவே ‘எக்ஸ்’, ‘வி’ என்று எழுத்துகள். அது ரோமன் எண்ணா?

#12 பழைய ஏடு

ரோமன் எண் இல்லை, அம்மா. துளை அட்டையில் ஒரு வரிசைக்கு 12 துளை இடம். 0 முதல் 9 வரை பத்து போக மீதி இரண்டு இடத்துக்கு வைத்த பெயர்தான் ‘எக்ஸ்’, ‘வி’. அந்தக் கட்டம் முழுக்க எழுத்தர் கை. தொழில், துறை, யாருக்காக வேலை செய்கிறார் என்பதை எண்ணாக்கியது. அதற்கான அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் தொழில் பெயர் கையெழுத்தில் தெளிவாக இருந்தால் இந்த எண்ணோடு போராட வேண்டாம். மை பரவி, ‘மைனர்’ (சுரங்கத் தொழிலாளி) என்று எழுதியதா ‘மேசன்’ (கொத்தனார்) என்று எழுதியதா என்று குழப்பம் வரும்போது எடுத்துப் பாருங்கள். மூலத்தாளைக் கையில் வைத்துப் படித்த எழுத்தர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று அந்த எண் சொல்லிவிடும். எனக்கு ஒரு முறை அப்படித்தான் வழி கிடைத்தது.

22-ஆம் கட்டத்தின் ‘ஆம்’ என்றால் அரசின் அவசர நிவாரண வேலையில் இருந்தான் என்று அர்த்தம். பொருளாதார மந்தக் காலம் இன்னும் முழுசாக முடியாத நேரம். சாலை போடுவது, காட்டில் மரம் நடுவது மாதிரி வேலைகள். அப்பா வீட்டில் இல்லை, பையன் அங்கே சம்பாதிக்கிறான்.

தாத்தாவை அதே மாவட்டத்து மருத்துவமனைகள், காசநோய் விடுதிகள், முதியோர் இல்லங்களில் தேடுங்கள். நீண்ட நாள் தங்குபவர்களை வீட்டில் எண்ணாமல் அங்கேயேதான் எண்ணினார்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு வட்டாரம் இருக்கும். பெயரை நம்பாதீர்கள். வயது, பிறந்த நாடு இரண்டையும் வைத்துத் தேடுங்கள். உறவுக் கட்டத்தில் ‘நோயாளி’ என்று இருக்கும். அப்புறம், தாளின் எண் 61-இலிருந்து தொடங்கும் பக்கங்களையும் விடாமல் பாருங்கள். முதல் தடவை வீட்டில் ஆள் இல்லாமல் பின்னால் வந்து எழுதியவர்கள் அங்கே இருப்பார்கள்.

#13 ஃப்ரெஸ்னோவாசி

பாட்டிக்கு ‘ஏ-எல்’ என்றால் உங்களுக்கு ஒரு நல்ல கதவு திறக்கிறது. 1940 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, 14 வயதுக்கு மேற்பட்ட அந்நியர் எல்லோரும் கைரேகையோடு பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பாட்டியும் போயிருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் பிறந்த ஊர், வந்த தேதி, கப்பல் எல்லாம் அவர் வாயால் சொன்னபடி இருக்கும். குடியுரிமைத் துறையின் வம்ச ஆய்வுப் பிரிவில் பணம் கட்டி நகல் கேட்கலாம். மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள்.

#14 வேர்தேடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாத்தா கிடைத்துவிட்டார். அதே மாவட்டத்துக் காசநோய் விடுதியின் தாளில், பெயரின் கடைசி எழுத்துகள் இரண்டு மாறி, ‘நோயாளி’ என்று. வயதும் பிறந்த நாடும் சரியாகப் பொருந்துகின்றன. அவருக்கும் கல்யாணக் கட்டத்தில் ‘எம்’ அடித்து ‘7’. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருமகனுக்குக் காட்டினேன். தாத்தா குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிப்போனார் என்றுதான் சின்ன வயதில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அப்புறம் அவருடைய அம்மாவுக்குப் போன் செய்தார்.

மூன்று குழந்தைகளை எப்படித் தேடுவது?

#15 கணக்குப்பிள்ளை

பென்சில்வேனியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு தொடங்கியது 1906-இல். 1906-க்கும் 1910-க்கும் நடுவில் போயிருந்தால் சான்றிதழ் இருக்கும். 50 வருடம் கடந்தவை பொதுப் பார்வைக்கு உண்டு. பெற்றோர் பெயரை வைத்துத் தேடுங்கள். அதற்கு முந்தியது என்றால் அவர்கள் போன தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. பாட்டி எந்த வருடம் வந்தார் என்று 1910 தாளில் இருக்கிறதா?

#16 வேர்தேடி

1902. தாத்தா 1899-லேயே வந்திருக்கிறார். 1910 தாளில் பிறந்த இடம் ‘ஹங்கேரி, ஸ்லோவாக்’ என்றும் 1920-இல் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றும் இருக்கிறது. நானும் குழம்பிப்போய், பிறகு நாடுதான் மாறியது என்று புரிந்துகொண்டேன்.

நீங்கள் சொன்னபடி தேடியதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒரு பெண், 1907-இல், பதினொரு மாதம், நிமோனியா. ஒரு பையன், 1909-இல், மூன்று வயது, தொண்டை அடைப்பான். பெயர்கள் இருக்கின்றன. வம்சத் தாளில் எழுதிவிட்டேன்.

மூன்றாவது குழந்தை இங்கே எங்கும் இல்லை. கல்யாணம் 1896, பாட்டி வந்தது 1902. இங்கே வந்த மூத்த மகள் பிறந்தது 1899. அதற்கு முன் ஒன்று பிறந்து அங்கேயே போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

#17 பழைய ஏடு

சரியாக யோசித்திருக்கிறீர்கள், அம்மா. ஹங்கேரியில் 1895 அக்டோபர் முதல் அரசே பிறப்பு, இறப்பைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்தக் குழந்தை அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கிராமத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்.

#18 வேர்தேடி

பாட்டியின் 1940 பதிவுப் படிவத்துக்கு நேற்றுப் பணம் கட்டிவிட்டேன். கிராமத்தின் பெயர் அதில்தான் இருக்க வேண்டும். வம்சத் தாளில் மூத்த மகளுக்கு இடப்பக்கம் ஒரு கட்டம் போட்டு, பெயர் எழுதாமல் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பேத்தி வந்து இது யார் என்று கேட்டாள். உன் அப்பாவுடைய தாத்தாவுக்கு அக்காவோ அண்ணனோ, இன்னும் தெரியவில்லை, கடிதம் வரட்டும் என்றேன். படிவம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.